ஜும்ஆ விடுப்பும் பொங்கல் விடுப்பும்



எங்கள் மஹல்லாவில் சனிக்கிழமை இரவுகளில், இஷாத் தொழுகைக்குப் பிறகு, பெரியவர்களுக்கான ஃபிக்ஹு வகுப்பு நடைபெறுகிறது. சென்ற மாதம் ஒரு நாள் பாடம் தொடங்கு முன்பே ஓர் இளைஞர் எழுந்து தம் கவலையைச் சொன்னார். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர். வார இறுதிக்கு ஊர் வந்திருந்தார். புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர் வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு வாராந்திரக் கூட்டத்தை வைத்துவிட்டாராம். இரண்டு வாரம் ஜும்ஆ தவறிவிட்டது. அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது.

வகுப்பு கொதித்துவிட்டது. தாடி வைத்ததற்காக வேலை மறுக்கப்பட்ட கதை, ஹிஜாபைப் பார்த்ததும் நேர்முகத் தேர்வு முடித்துக்கொள்ளப்பட்ட கதை, பெயரைக் கேட்டதும் வாடகை வீடு இல்லையென்றான கதை என ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். அவற்றில் பொய்யென்று தள்ளத்தக்கது எதுவும் இல்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஜவுளிக்கடை உரிமையாளர், “நம்ம தொழுகையோட அருமை அவங்களுக்கு எங்க ஹஸரத் தெரியப்போகுது?” என்று பெருமூச்சு விட்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து, தையல் வேலை செய்யும் ஒரு முதியவர் மெதுவாகக் கேட்டார்: “உங்க கடையில வேலை பாக்குற புள்ளைங்களுக்குப் பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு விடுறீங்க பாய்?”

“பொங்கல்லதானே பாய் யாவாரமே.”

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, கிதாபைத் திறந்து பாடத்தைத் தொடங்கிவிட்டேன். அன்று பேசாமல் விட்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இளைஞரின் கேள்வி. ஜும்ஆ, நிபந்தனைகள் பொருந்திய ஆண்மீது ஃபர்ளு ஐன். அதில் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் எனக்கும் இல்லை, அவருடைய மேலாளருக்கும் இல்லை. ஆயினும் நம் ஃபுகஹாக்கள் இதைத் தொழுகைப் பாடத்தோடு நிறுத்தவில்லை. இஜாரா என்னும் கூலி ஒப்பந்தப் பாடத்திலும் பேசியிருக்கிறார்கள். ஒருவருடைய நேரத்தை விலைக்கு வாங்கியவர், ஃபர்ளுத் தொழுகைக்கும் அதற்கான தூய்மைக்கும் ஆகும் நேரத்தை வாங்கியதாக ஆகாது; பேசாவிட்டாலும் அது ஒப்பந்தத்திலிருந்து விலக்கப்பட்டதே என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் எழுதுகிறார்கள். ஹனஃபி நூல்களில் இன்னும் நுட்பமான ஒரு செய்தி உண்டு. நாள் கூலிக்கு அமர்த்தப்பட்டவரை ஜும்ஆவுக்குச் செல்லவிடாமல் தடுக்கலாகாது; ஆனால் பள்ளிவாசல் தொலைவில் இருந்து, போய்வர நெடுநேரம் ஆகுமானால், அந்த நேரத்துக்குரிய கூலி குறையும்; அருகில் இருந்தால் எதுவும் குறையாது. உபரியான நஃபில் தொழுகைகளை முதலாளியின் அனுமதியின்றி வேலை நேரத்தில் தொழக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இதை அந்த இளைஞரிடம் விளக்கியபோது அவர் முகம் சற்று மாறியது. “கூலி குறையுமா?” என்றார். குறையும் என்று நூல் சொல்கிறது. அதாவது, அல்லாஹ்வின் கடமையை நிறைவேற்றப் போகும்போதுகூட அடுத்த மனிதனின் நேரத்தைக் கணக்கில் வை என்கிறது. நம்மில் எத்தனை பேர் அப்படி வைக்கிறோம்? ஜும்ஆவுக்கென்று பன்னிரண்டரைக்குக் கிளம்பி, தொழுகை முடிந்ததும் பிரியாணிக் கடையில் அமர்ந்து, மூன்று மணிக்கு அலுவலகம் திரும்புபவர்களை நான் அறிவேன். ஜும்ஆவின் அழைப்பைக் கேட்டதும் வணிகத்தை விட்டுவிடுமாறு கட்டளையிடும் அதே இடத்தில், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனுடைய அருளைத் தேடுமாறும் குர்ஆன் கூறுகிறது. முந்தைய வசனத்தை மேலாளரிடம் எடுத்துக் காட்டுபவர் பிந்தையதை மறந்துவிடுகிறார். அவருக்குப் பிறகு அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் அடுத்த முஸ்லிம் இளைஞருக்கு ஜும்ஆ அனுமதி மறுக்கப்பட்டால், அந்தப் பாவத்தில் பிரியாணிக் கடைக்காரர் தவிர மற்றவர்களுக்குப் பங்கு உண்டு.

இளைஞருக்கு நான் சொன்ன வழி எளியது. மேலாளரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எனக்கு இது கடமை, பன்னிரண்டே முக்கால் முதல் இரண்டு வரை தேவைப்படும், அந்த நேரத்தை மாலையில் ஈடுசெய்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் அவ்வாறே செய்தார். கூட்டம் பதினோரு மணிக்கு மாறிவிட்டது. அந்த மேலாளருக்கு ஜும்ஆவின் நேரமே தெரிந்திருக்கவில்லையாம். எல்லா மேலாளர்களும் இப்படி இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே மறுப்பவர்களும் உண்டு, அவர்களிடம் சட்டத்தின் துணையுடனும் சங்கத்தின் துணையுடனும் போராடத்தான் வேண்டும்.

இனி அந்த முதியவரின் கேள்வி. இது கடினமானது.

நம் சமுதாயத்தைச் சிறுபான்மை என்று மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர் நாம். ஆகவே நாம் எப்போதும் கேட்கும் இடத்தில் நிற்பவர்கள், கொடுக்கும் இடத்தில் நிற்பவர்கள் மற்றவர்கள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. ஆனால் 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை நினைவுகூருங்கள். மாதச் சம்பள வேலைகளில் முஸ்லிம்கள் குறைவு, சுயதொழிலில் அதிகம் என்று அது காட்டியது. நாம் அதை நம் குறையாக மட்டுமே படித்தோம். அதன் மறுபக்கம் என்ன? சுயதொழில் செய்பவர் கடை வைக்கிறார்; கடை வைத்தவர் ஆள் வைக்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தின் தோல் பதனிடும் சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் முஸ்லிம் முதலாளிகளிடம் வேலை செய்யும் இந்து, கிறிஸ்தவச் சகோதர சகோதரிகள் எத்தனை பேர்! ஜவுளிக்கடை, உணவகம், நகைக்கடை, மளிகை, பழமண்டி என்று ஊருக்கு ஊர் பாருங்கள். ‘பாய் கடை’யில் வேலை செய்பவர்கள் எல்லாரும் பாய்மார்களா? அந்தக் கடையின் நான்கு சுவர்களுக்குள் பெரும்பான்மை யார், சிறுபான்மை யார்? சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும் கை எதுவோ அதுவே அங்கு பெரும்பான்மை.

அந்த நான்கு சுவர்களுக்குள் நடப்பவற்றுள் என் காதுக்கு எட்டியவை சில உண்டு. ரமலான் பகலில் பிறமதத் தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கிடங்கின் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு பிரிக்கிறார்கள். நோன்பாளிகள் எதிரில் சாப்பிடக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நோன்பு நம்மீது கடமையாக்கப்பட்டதே அன்றி அவர்கள்மீது அன்று. பசித்தவனுக்கு எதிரில் ஒருவன் சாப்பிட, அவன் பொறுத்துக்கொள்வதில்தானே நோன்பின் பயிற்சி இருக்கிறது! மாலையில் அதே தொழிலாளர்களுக்கு அன்போடு நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறோம். கஞ்சி நல்லதுதான். மதியச் சோற்றைத் தின்ன ஒரு மேசையும் வெளிச்சமும் கொடுத்த பின்னர் கொடுத்தால் இன்னும் சுவைக்கும்.

விடுப்பு விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று 1958ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, பண்டிகைகளுக்கென ஐந்து நாட்கள் ஊதியத்துடன் தரவேண்டும். அந்த ஐந்தை முதலாளி தம் விருப்பப்படி குறித்துவிடுவதன்று. தொழிலாளர்களையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டு பெருநாள்களுக்கும் மீலாதுக்கும் விட்டுவிட்டு, மீதியைப் போனால் போகிறதென்று எங்கோ தள்ளிவைப்பவர், சட்டத்துக்கு மட்டுமா பதில் சொல்ல வேண்டும்? ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு மூமின்களை நோக்கி இடப்பட்ட கட்டளைக்கு அவர் என்ன பதில் சொல்வார்? நாம் வாழும் நாட்டின் தொழிலாளர் சட்டம், வேலைக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் பகுதியே.

இந்த இடத்தில் சிலருக்கு ஓர் ஐயம் எழுகிறது. “ஆயுத பூஜைக்கு விடுப்பும் பணமும் கொடுத்தால் இணைவைப்புக்குத் துணைபோனதாக ஆகாதா ஹஸரத்?” என்று ஒரு லேத் பட்டறை உரிமையாளர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவருடைய ஈமானிய உணர்வை மதிக்கிறேன். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பூஜையை நாமே நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் நம்மால் இயலாதவை. அதைப் பணிவோடு சொல்லிவிடலாம், தொழிலாளர்கள் புரிந்துகொள்வார்கள். பண்டிகைக்கு முன் சம்பளத்தைத் தருவதும், அன்று வீட்டில் இருக்க விடுவதும் அவர்களுடைய உரிமையைத் தருவது. அந்தப் பணத்தில் அவர் பொரி வாங்குவாரா, பிள்ளைக்குப் புத்தகம் வாங்குவாரா என்பது நம் கணக்கில் எழுதப்படுவதில்லை. பிறரிடம் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கும் இதே அளவுகோல்தான். பூஜைக்கு முந்தைய நாள் இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தம் செய்வது வேலை. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆரத்தி நேரத்தில் முகத்தைச் சுளிக்காமல் ஒதுங்கி நிற்கத் தெரிந்தால் போதும். அவர்கள் அழைத்து வணங்குபவற்றை ஏசக்கூடாது என்பது குர்ஆனின் தடை என்பதையும் நினைவில் வையுங்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவும் இதில் அடங்கும்.

போனஸ் விஷயத்தில் ஓர் அநியாயம் மார்க்கத்தின் போர்வையிலேயே நடக்கிறது. ரமலானில் ஜகாத் கணக்குப் பார்க்கும் சில முதலாளிகள், தம்மிடம் வேலை செய்யும் ஏழை முஸ்லிம்களுக்கு ஜகாத் பணத்தை ‘நோன்புப் பெருநாள் போனஸ்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். பிறமதத் தொழிலாளி கேட்டால், “இது ஜகாத், உங்களுக்குத் தர மார்க்கத்தில் இடமில்லை” என்று பதில். ஒரே கல்லில் இரண்டு பேரை அடிக்கும் வேலை இது. போனஸ் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வந்த நாள் முதல் தகுதியுள்ள தொழிலாளியின் உரிமை. குறைந்தபட்சம் நூற்றுக்கு 8.33 என்பது அதன் அளவு. உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் எதுவும் ஜகாத் ஆகாது. அந்த முஸ்லிம் தொழிலாளிக்கு அவருடைய போனஸ் கிடைக்கவில்லை. முதலாளியின் ஜகாத் நிறைவேறவில்லை. பிறமதத் தொழிலாளிக்கோ ஒன்றுமே கிடைக்கவில்லை, அதற்குக் காரணம் இஸ்லாம் என்ற செய்தி மட்டும் கிடைத்தது. அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

மதத்தைக் காரணம் காட்டிக் கூலியை நிறுத்தும் இந்த வழக்கம் புதிதன்று. இதன் முன்னோடி மக்காவில் இருந்தான். கப்பாப் இப்னுல் அரத் (ரழி) அவர்கள் கொல்லர். ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷித் தலைவனுக்கு வேலை செய்துகொடுத்தார்கள். கூலி சேர்ந்து நின்றது. கேட்கப் போனபோது, முஹம்மதை நிராகரித்தால்தான் தருவேன் என்றான் அவன். நீ இறந்து மீண்டும் எழுப்பப்பட்டாலும் அது நடக்காது என்றார்கள் கப்பாப். அப்படியா, அப்போது எனக்குச் செல்வமும் பிள்ளைகளும் இருக்கும், அங்கே வந்து வாங்கிக்கொள் என்று அவன் எள்ளி நகையாடினான். மர்யம் அத்தியாயத்தில் அவனைக் குறித்து வசனங்கள் இறங்கின. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியைக் கூலி ஒப்பந்தப் பாடத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். கப்பாபின் உறுதியை மட்டுமே பயான்களில் சொல்லி வந்திருக்கிறோம். கூலியை நிறுத்தியவனின் இருக்கையில் நம்மில் யாராவது அமர்ந்திருக்கிறார்களா என்று பார்க்க நமக்குத் தோன்றியதில்லை.

அதே பாடத்தில்தான் ஹிஜ்ரத்தின் வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித்தும் வருகிறார். அவர் அப்போது இஸ்லாத்தில் இல்லை. குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் அவரைக் கூலிக்கு அமர்த்தி, தம் இரு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு ஓட்டிவரச் சொன்னார்கள். ஊரே தேடிக்கொண்டிருந்த நேரம். குகை இருக்கும் இடம் அந்த மனிதருக்குத் தெரியும். வாயைத் திறந்திருந்தால் குறைஷிகளின் பரிசு அவருக்கே. அவர் சொன்ன நாளில் ஒட்டகங்களோடு வந்து நின்றார்.

கல்லாப்பெட்டியில் ‘நம்ம ஆள்’தான் உட்கார வேண்டும் என்ற விதியைப் பல கடைகளில் காண்கிறேன். இருபது ஆண்டு உழைத்த பிறமதத்தவர் விற்பனைப் பகுதியிலேயே நிற்பார். நேற்று வந்த மைத்துனர் கல்லாவில் அமர்வார். உறவுக்காரர் என்பதால் என்றால் அது குடும்ப வழக்கம், நான் தலையிடவில்லை. மார்க்கத்துக்காக என்று சொல்லாதீர்கள். தம் உயிரை ஒப்படைக்கும்போது ரசூலுல்லாஹ் பார்த்தது வழி தெரிந்தவரா, நம்பத்தக்கவரா என்பதைத்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் சொந்தக் கணக்கை மறைத்தால் இது முனாஃபிக்தனமாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு மதரஸாவில், கூட்டிப் பெருக்கவும் கழிப்பறைகளைக் கழுவவும் ஓர் அம்மா வருவார். இந்து, கணவரை இழந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரமலானில் மதரஸாவுக்கு விடுமுறை. உஸ்தாத்மார்களாகிய எங்களுக்கு அம்மாதச் சம்பளம் முழுமையாக வரும். பெருநாள் துணிக்கு மேலும் ஒரு தொகை வரும். அந்த அம்மாவுக்குப் பாதிச் சம்பளம். பிள்ளைகள் இல்லை, வேலை குறைவு என்பது நிர்வாகம் சொன்ன காரணம். எங்களுக்கும்தான் பிள்ளைகள் இல்லை. எங்கள் வேலை குறைவதுமட்டுமன்று, அறவே இருக்காது.

ஒரு ஷஅபான் மாத இறுதியில் வகுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “அசரத்து, நோன்பு மாசம் உங்களுக்கு முழுச் சம்பளம் வருமா?”

“வரும்மா.”

“நல்லது அசரத்து” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை. எனக்கு உண்மையிலேயே மகிழ்ந்தவர்போலத்தான் சொன்னார்.

அன்று காலைப் பாடத்தில்தான் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை முடித்திருந்தேன். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுபவர்களுக்குக் கேடு என்று தொடங்கும் அத்தியாயம். தராசு என்றால் மளிகைக் கடைத் தராசு மட்டுமன்று என்று பிள்ளைகளுக்கு விளக்கமும் சொல்லியிருந்தேன். அந்தத் தராசின் இரண்டு தட்டுகளும் வகுப்பறை வாசலிலேயே நின்றன.

ஆயினும் நான் உடனே வாய் திறக்கவில்லை. நிர்வாகத்திடம் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். என் சம்பளத்தில் கைவைத்துவிடுவார்களோ என்ற அற்பமான அச்சமும் சேர்ந்தது. அந்த ரமலானும் பாதிச் சம்பளத்தோடு போயிற்று. அடுத்த ரமலானும் அப்படியே போனது. மூன்றாம் ஆண்டுதான் கூட்டத்தில் இதை எழுப்பினேன். ஒரு நிர்வாகி, “நம்ம நிதியில பாதி ஜகாத்துதான் ஹஸரத், அவங்களுக்கு எப்படி?” என்றார். கூலி ஜகாத்திலிருந்து கொடுக்கப்படுவதன்று, அது யாருக்காக இருந்தாலும் பொது நிதியிலிருந்தே போக வேண்டும் என்று விளக்கினேன். முதியவரான தலைவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “இது நமக்கு முன்னாடியே தோணியிருக்கணும்” என்றார். அவ்வாண்டு முதல் முழுச் சம்பளம் கொடுக்கப்பட்டது. தீபாவளிக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று எழுதப்பட்டது.

ஒருவரை வேலைக்கு அமர்த்தி, அவரிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியை முழுமையாகத் தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிக்கிறான் என்று புகாரியில் பதிவான ஹதீஸ் குத்ஸியை நாம் அறிவோம். அதில் அந்தக் கூலியாளின் மதம் என்னவென்று குறிப்பிடப்படவில்லை. மனிதர்களின் உரிமைகளாகிய ஹக்குல் இபாத், தவ்பாவினால் மட்டும் தீர்வதில்லை. உரியவரிடம் சேர்க்க வேண்டும், அல்லது அவர் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நானே பலமுறை பயான் செய்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கூட்டத்தில் பேசியது இனி வரும் ரமலான்களைப் பற்றித்தான். போன ரமலான்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. எனக்குத் தெரிந்தே நான் வாய்மூடி இருந்த ரமலான்கள் இரண்டு. இரண்டு பாதிச் சம்பளம், ஆக ஒரு மாதச் சம்பளம். நான் அந்த மதரஸாவிலிருந்து மாறி வந்துவிட்டேன். அந்த அம்மா மகள் வீட்டோடு பக்கத்து ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தொகையை எடுத்து வைத்திருக்கிறேன். நிர்வாகம் திருப்பித் தந்தாலும் தராவிட்டாலும் அது வேறு விஷயம். வரும் ஞாயிறு அந்த ஊருக்குப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.